கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த படம்

ட்வைலா நோவோட்னிக்கு அமெரிக்க ஃபுட்பால் பிடிக்காது. முப்பத்தோரு வருஷமாக ஒரு ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கமுடியும் என்று நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே பாதிப் பேர் சர்ச்சுக்குப் போவதும் அப்படித்தான்.

வாரநாட்களில் அவள் ஊரின் ஒரே கண் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கவேண்டும். சனிக்கிழமைகளில் ப்ளம் க்ரீக் கல்லூரி மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால், ஏறி இறங்கும் இரும்பு மேடையொன்றில் முப்பதடி உயரத்தில் நின்று ஆட்டத்தைப் படமெடுப்பாள். அதற்குக் கூலி கிடையாது. ஆரம்பத்தில் ஒரு குளிர் மேலங்கி கொடுத்தார்கள். அதை இன்னும் போட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரி ஆட்டங்களை இரண்டு கேமராக்கள் எடுக்கும். ஒன்று பக்கவாட்டில், பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மாடத்தின் உச்சியில். அதில் இருபத்திரண்டு பேரும் எறும்பு மாதிரி ஒருசேரத் தெரிவார்கள். பந்தைக் கையால் எறியும் ஆட்டத்தைச் சொல்லித்தருகிறவர் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார். இன்னொன்று கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுப்பது. அதில் முன்வரிசைத் தடியன்கள் யார் யாரை முட்டினார்கள் என்பது தெரியும், ஆகவே அது முன்வரிசைப் பயிற்சியாளர் கஸ்ஸுக்குப் போகும். இது எல்லாக் கல்லூரியிலும் உள்ள வழக்கம். ப்ளம் க்ரீக்கில் எறியும் ஆட்டத்தைச் சொல்லித்தருகிறவன் வெர்லின் நோவோட்னி, ட்வைலாவின் கணவன். ஆக, கணவன் பார்க்காத படத்தைத்தான் அவள் முப்பத்தோரு வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கேட்டதுமில்லை, அவள் காட்டியதுமில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான நாலாம் வருஷம், பயிற்சியாளர்கள் குடும்பத்தோடு கூடிய ஒரு விருந்தில், உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே ட்வைலா, "நெருக்கடி வந்தா நீங்க எப்பவும் இடது பக்கமேதான் ஓடறீங்க, எதிராளிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னது சரியாக வேறு இருந்தது. வெர்லின் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் பேசியபோது ஒரு விதி போட்டான். வலைக்கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் ஃபுட்பால் வரக்கூடாது. விதி அவனுடையது என்றாலும் அதைக் காப்பாற்றியவள் அவள். காப்பாற்றுவதில் ஒரு பழிவாங்கலின் சுவை இருந்ததை அவளே மறுக்கமாட்டாள்.

அந்த வருஷம் ப்ளம் க்ரீக் முதல் இரண்டு ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த இரண்டில் தோற்றது. தோற்ற விதம்தான் ஊரைக் குடைந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கோல்பி ரீஸ் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவன். முழங்கால் உயரத்துக்கு எறிந்தாலும் பந்து நேர்க்கோட்டில் போகும். அப்படிப்பட்டவன் இப்போது ஆளே இல்லாத புல்தரைக்கு எறிந்தான். இல்லாவிட்டால் எறியாமல் வைத்துக்கொண்டு நின்று அடிவாங்கினான். காப்பிக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் காதலி என்றார். இன்னொருவர் கைபேசி என்றார். ஓக்லஹோமாவே காரணம் என்றும் ஒருவர் சொன்னார்.

உண்மையில் எதிரணிகள் கலந்து காக்க ஆரம்பித்திருந்தன. முன்பெல்லாம் ஒரு அணி ஆளோடு ஆளாகத் துரத்தும், அல்லது ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக்கொண்டு காவல் நிற்கும். இரண்டில் ஒன்றுதான். இப்போது மைதானத்தின் ஒரு பாதியில் துரத்தினார்கள், மறுபாதியில் காவல் நின்றார்கள், பந்து கைக்கு வரும்வரை எது எங்கே என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. அணிகள் தங்கள் ஆட்டப் படத்தை அடுத்த எதிராளியோடு பரிமாறிக்கொள்வது மரியாதை. அந்த மரியாதையின் வழியாகவே ஒருத்தன் கண்டுபிடித்தது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை மதியம், கண் மருத்துவரின் இருட்டறைக்குள் கோல்பி வந்தான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். ஆறடி மூன்றங்குல ஆளை மறைக்க அந்தத் தொப்பி போதாது.

"மேடம், நான் இங்க வந்தது கோச்சுக்குத் தெரியவேண்டாம்."

"இங்க வந்தது யாருக்கும் தெரியாது தம்பி. அதான் சட்டம். தாடைய இதுல வை."

எழுத்து அட்டையின் கடைசி வரியையும், அதற்கும் கீழே அச்சகத்தின் பெயரையும் அவன் படித்துவிட்டான்.

"இவ்வளவு நல்ல கண்ண நான் இந்த வருஷம் பாக்கல" என்றாள் ட்வைலா.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் வந்தவன்.

"அப்ப எனக்கு ஏன் எல்லாமே தப்பாத் தெரியுது மேடம்? பந்தப் பிடிக்கிற மார்கீஸ் நிப்பான்னு நினைச்சு எறியறேன். அவன் ஓடிட்டே இருக்கான். ஓடுவான்னு எறிஞ்சா நிக்கறான். எனக்குத்தான் ஏதோ கோளாறு. எங்கம்மா வேற இந்த மாசக் கடைசியில ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வராங்க. நான் பெஞ்சுல உக்காந்திருக்கிறதப் பாக்கவா?"

அவள் விளக்கைப் போட்டாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொள்வதற்காக, இல்லாத ஒரு படிவத்தை எடுக்க வெளியே போய்வந்தாள்.

சனிக்கிழமை மேடைமேல் நின்றபோது, முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் முன்வரிசையை விட்டுவிட்டு ஒரு ஹெல்மெட்டை மட்டும் பார்த்தாள். கம்பத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தால், எறிபவன் கண்டதெல்லாம் பார்ப்பவருக்கும் தெரியும். கோல்பி மைதானத்தின் ஆழத்தில் நின்ற எதிரணியின் கடைசி ஆளைப் பார்த்தான். பந்தைப் பிடிக்கும் மார்கீஸ், தன் மூக்குக்கு நேரே நின்றவனைப் பார்த்தான். பந்து புல்லில் விழுந்தது. அடுத்த தரமும் கோல்பி ஆழத்தில், மார்கீஸ் மூக்குக்கு நேரே, பந்து புல்லில். அணி மூன்றாவது முறையாகத் தோற்றது. பின்னாலிருந்து யாரோ, "கண்ணாடி வாங்கிக் குடுங்கடா அவனுக்கு!" என்று கத்தினார்கள். ட்வைலா திரும்பிப் பார்க்கவில்லை. படமெடுக்கிறவள் திரும்பக்கூடாது.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் காய்ச்சிய சில்லியை மேசையில் வைத்தாள். கூடவே பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரோல். ரோலைச் சில்லியில் முக்கித் தின்பதுதான் முறை. வெர்லின் முக்காமல் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தான். நிலைமை மோசம் என்று அதிலேயே தெரிந்தது.

"ட்வைலா."

"ம்."

"நாளைக்குக் கோல்பிய வெளிய உக்கார வைக்கப்போறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெர்லின், இது சமையலறை."

"சமையலறைன்னு எனக்குத் தெரியாதா? அடுப்பு இருக்கு பாரு." தட்டைத் தள்ளிவைத்தான். "பெரியவர், அதான் தலைமைக் கோச், நேத்து சொல்லிட்டார். ஒண்ணு பையன மாத்து, இல்லன்னா எறியற ஆட்டத்த வேற ஆள்கிட்டக் குடுக்கறேன்னார். நாளைக்குக் காலைல பதில் சொல்லணும். பையனுக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. எதிர்ல இருக்கிறதே கண்ணுக்குத் தெரியல."

"அவன் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

வெர்லின் நிமிர்ந்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

மனைவி எங்கே வேலை பார்க்கிறாள் என்பது தெரிந்தவன். மேலே கேட்கவில்லை.

விதியை அவனே உடைத்துவிட்டதால் இனி அதைக் காப்பாற்றுவதில் சுவையில்லை. ட்வைலா எழுந்துபோய் மடிக்கணினியைக் கொண்டுவந்து, சில்லிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு வைத்தாள்.

"இது கஸ்ஸோட படமாச்சே" என்றான்.

"கஸ் பாக்கிற படம். எடுத்தது நான்."

"இதுல எறியறது ஒண்ணும் தெரியாது, ட்வைலா. ஆழமே தெரியாது."

"ஆழத்த விடு. ஹெல்மெட்ட மட்டும் பாரு. கோல்பியோட நம்பர் பதினொண்ணு, மார்கீஸோடது எண்பத்திநாலு. வேற யாரையும் பாக்காத."

ஓடவிட்டாள், நிறுத்தினாள்.

"கோல்பி யாரப் பாக்கறான்?"

"கடைசி ஆள. அவன் நடுவுக்கு வரல, பக்கவாட்டுல ஒதுங்கறான். அப்படின்னா இடத்தக் காக்கறாங்க. மார்கீஸ் சந்துல நிப்பான்னு எறியறான்."

"கடைசி ஆளப் பாருன்னு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நான்தான். வேற யாரு?"

"மார்கீஸ் யாரப் பாக்கறான்?"

"எதிர்ல இருக்கிறவன. அவன் கூடவே துரத்தறான். துரத்தினா நிக்கக்கூடாது, ஓடணும்…" என்று தொடங்கிய வெர்லின் அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"அத யாரு சொல்லிக்குடுத்தா?" என்று ட்வைலா கேட்கவில்லை. கணினியில், மறுபடி ஓடவிட அழுத்தவேண்டிய பொத்தானை மட்டும் காட்டினாள்.

அவன் அதை மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான். பதினோரு தடவை போட்டதை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே எண்ணினாள். ஒவ்வொருத்தனும் அவனவன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கணும் என்பது வெர்லினின் இருபது வருஷத்துப் பெருமை. எதிராளி மைதானம் முழுக்க ஒரே மாதிரி காத்தவரை, கடைசி ஆளைப் பார்த்தாலும் எதிரில் இருப்பவனைப் பார்த்தாலும் பதில் ஒன்றாகவே வந்தது. இப்போது கடைசி ஆள் ஒன்றைச் சொன்னான், எதிரில் இருப்பவன் வேறொன்றைச் சொன்னான். இரண்டு பையன்களும் கீழ்ப்படிதலில் ஒரு குறையும் வைக்கவில்லை. கீழ்ப்படிந்ததால்தான் பந்து புல்லில் விழுந்தது.

"ரெண்டு பேரும் சரியாத்தான் செய்யறாங்க" என்றான் வெர்லின்.

"ஆமா."

"நான் சொன்னத அப்படியே செய்யறாங்க."

"ஆமா."

"அப்ப…"

"சாப்பிடு. ஆறிப்போச்சு."

அவன் சாப்பிடவில்லை. கணினியின் மூடியைத் தாழ்த்திவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ட்வைலா ஈரக்கையோடு வந்து அவன் கைமேல் தன் கையை வைத்தாள். தண்ணீர் சொட்டிக் கணினியில் விழுந்தது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

"அந்த விருந்துல நீ சொன்னியே, இடது பக்கமே ஓடறோம்னு."

"ம்."

"அது சரிதான்."

"எனக்குத் தெரியும்" என்றாள் ட்வைலா.

அதற்குப் பிறகுதான் அவன் ரோலைச் சில்லியில் முக்கினான்.

திங்கட்கிழமை நடந்ததைக் கேமரா பேட்டரி வாங்கவந்த கஸ் சொல்லித்தான் அவள் கேட்டாள். வெர்லின் முதலில் பெரியவரிடம் போய், பையனை மாற்றப்போவதில்லை, இன்னும் ஒரு சனிக்கிழமை கொடுங்கள், அப்புறம் என்னையே மாற்றுங்கள் என்றானாம். பிறகு கூட்ட அறையில் கம்பத்துப் படத்தைப் போட்டு, "இது என் வீட்டுக்காரி எடுத்தது. தப்பு என்னுது. உங்க ரெண்டு பேருதும் இல்ல" என்றானாம். இனிமேல் பிடிக்கிறவன் யாரைப் பார்க்கிறானோ அவனைத்தான் எறிகிறவனும் பார்க்கவேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே ஆள். அவ்வளவுதான் மாற்றம்.

"பசங்க எல்லாரும் அவனவன் ஷூவையே பாத்தானுங்க" என்றான் கஸ். "அந்த வயசுப் பசங்களுக்குப் பெரியவங்க மன்னிப்புக் கேட்டா மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாதே. கடைசியில மார்கீஸ்தான் கையத் தூக்கினான். 'கோச், அப்ப நான் தப்பா ஓடினேன்னு மைதானத்தச் சுத்தவெச்சீங்களே முப்பது சுத்து, அது?' அப்படின்னான்."

"வெர்லின் என்ன சொன்னான்?"

"நானே ஓடறேன்னான். ஓடினான் ட்வைலா, உன் ஆளு! ரெண்டு சுத்துல முட்டி போச்சு. அப்புறம் பசங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தோளக் குடுத்து நடத்திட்டுப் போனாங்க. முப்பது வரல. ஆறோட விட்டுட்டானுங்க."

அடுத்த சனிக்கிழமை கோல்பியின் அம்மா ஒரு வாரம் முந்தியே வந்துவிட்டாள். மகனின் தொலைபேசிக் குரல் சரியில்லை என்று கிளம்பி வந்தவளாம். எதிரணி வழக்கம்போல மைதானத்தின் ஒரு பாதியில் துரத்தியது, மறுபாதியில் காவல் நின்றது. ஆட்டத்தின் முதல் பாதியில் இரண்டு பந்து புல்லில் விழுந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

நாலு கட்டங்களில் மூன்றாவதில், ட்வைலாவின் கேமரா நேரே பார்த்துக்கொண்டிருந்த பக்கமாக அவர்கள் ஆடிவந்தார்கள். பந்து கோல்பியின் கைக்கு வந்தது. பதினொன்றின் ஹெல்மெட்டும் எண்பத்திநாலின் ஹெல்மெட்டும் ஒரே ஆள் பக்கம், ஒரே நேரத்தில் திரும்பின. மார்கீஸ் நின்றான். அவன் நிற்பதற்கு முன்பே பந்து அங்கே புறப்பட்டிருந்தது.

ஆட்டத்தில் ப்ளம் க்ரீக் மூன்று புள்ளியில் தோற்றது. கடைசி நிமிஷத்தில் பந்தை உதைக்கிறவன் கம்பத்தில் உதைத்துவிட்டான். கோல்பி எறிந்ததில் நாலு தடவை பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளியாகியிருந்ததால் காப்பிக்கடை அவனைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டது. அன்றே உதைக்கிறவனின் காதலியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். வெர்லினைப் பற்றிப் பெரியவரும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் கஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மூணாவது கட்டத்துல ஒரு இடத்துல படம் ஆடுது, ட்வைலா. முன்வரிசையே தெரியல. உன் கேமரா இத்தன வருஷத்துல ஆடி நான் பாத்ததில்லையே. என்ன ஆச்சு?"

"காத்து, கஸ்" என்றாள் ட்வைலா.

மேசையில் அவளுடைய படத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வெர்லின், தொலைபேசிக்கும் கேட்கும்படியாக, "நேத்து காத்தே இல்லையே!" என்றான்.

"பேசாம சாப்பிடு" என்றாள் ட்வைலா. "இது சமையலறை."