தங்கச்சி என்று கூப்பிட்ட படகோட்டி

ஒலியை நிறுத்திவிட்டு, திரையில் தெரியும் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது கை விரல் மேசை விளிம்பில் தட்டுகிறது. ஒரு தட்டுக்கு ஓர் அசை. "ப, ம வந்தா வாய் மூடியே ஆகணும். வாயைத் திறந்து வச்சிருக்கிறவனுக்கு 'அம்மா'ன்னு எழுதினா பேய் பேசுற மாதிரி இருக்கும்" என்பார்.

பிறமொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறார். குரல் கொடுப்பவர்கள் வைத்த பெயர் அசையக்கா. பேருந்தில் யாராவது பேசினாலும் விரல் தொடையில் தட்டும். "நான் திட்டுறதையாவது எண்ணாம கேளேன்" என்று கணவர் நொந்துகொண்டதுண்டு.

மாயத் தீவுகளைப் பற்றிய ஏழு பாக நாவல் ஒன்று தொடராகி இவரிடம் வந்தபோது தலைகால் புரியவில்லை. ஏழு பாகத்தையும் மூன்று முறை படித்தவர். அதில் ஒரு படகோட்டியும் ஒரு மூலிகைக்காரியும் ஒரே வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவர்கள். அதனால் அவன் அவளை அழைக்கும் இடத்திலெல்லாம் "தங்கச்சி" என்று எழுதினார். மூன்று அசை, கச்சிதமாக உட்கார்ந்தது. வாரம் ஒரு பகுதியாக நான்கு வாரம் ஒளிபரப்பானது.

ஐந்தாம் பகுதி வந்தது. படகோட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உருகினான்.

பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்த மேற்பார்வையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, நீங்க தங்கச்சின்னு போட்டது இந்தப் பொண்ணுக்கா?"

"ஆமா."

"நாளைக்குக் குரல்பதிவு. இப்படியே போனா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு."

அசையக்கா முதல் நான்கு பகுதிகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். வளர்ப்புத் தாயையே காணோம். "தொடர்ல அந்தம்மாவை எடுத்துட்டாங்க. அவங்க இல்லேன்னா இதுங்க ரெண்டும் யாரோ எவரோதானே? நான் புத்தகத்தை நினைச்சே எழுதியிருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல மனுஷி அவங்க" என்றார், செத்துப்போன உறவுக்காரரைச் சொல்வதுபோல.

அன்று மாலை நாத்தனாரிடம் போய் உட்கார்ந்தார். தையல்காரியான அவள் நாவலைத் தொட்டதில்லை. தொடரை மட்டும் விடாமல் பார்ப்பவள்.

"அந்தப் படகோட்டிக்கு அவ யாருன்னு நினைச்சே?"

நாத்தனார் பல்லிடுக்கில் வைத்திருந்த குண்டூசியை எடுத்தாள். "என்ன அண்ணி கேள்வி இது? அவ மேல அவனுக்கு உசிரு."

"தங்கச்சின்னு கூப்பிடுறானே?"

"மனசுல இருக்கறது தெரிஞ்சுடக்கூடாதுன்னு கூப்பிடுறான், பாவம். முதல் வாரமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணைப் பார்த்தா தெரியாதா?"

பதினோரு வருஷ வேலையில் அசையக்கா பார்த்ததெல்லாம் வாயைத்தான்.

ஐந்தாம் பகுதியில், நாளைக்கும் படகு வருமா என்று அவள் கேட்கிறாள். அவன் பதில் பேசாமல் தண்ணீரைப் பார்க்கிறான். மறுநாள் காலை அவள் கேட்கும் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்: "தங்கச்சின்னு கூப்பிட்டது யாருக்குப் பயந்து?"

மேற்பார்வையாளர் தானே விரல்விட்டு எண்ணினார். பதினான்கு அசை. உதடு மூடவேண்டிய இரண்டு இடத்திலும் மூடியது. "அவன் வாயே திறக்காததும் பொருந்துது அக்கா" என்றார்.

குரல் கொடுக்கும் பெண் அந்த வரியை ஒரே தடவையில் சொல்லி முடித்தாள். ஒளிபரப்பான மறுநாள், கடைத்தெருவில் இரண்டு பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி ரசித்துச் சிரித்ததை அசையக்காவே கேட்டார்.

ஆறாம் பகுதி வந்தது. மூலிகைக்காரியின் முகம் அருகில் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். உள்ளங்கையை நீட்டித் திரையில் அவளுடைய வாயை மறைத்தார்.