கிணற்றில் இறங்கிய என்ஜின்

அறுபதுகளின் கடைசியில், சூளகிரிப் பக்கம் மழை பொய்த்திருந்த ஒரு பங்குனி மாதம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மேலே வைத்திருந்த ஆயில் என்ஜினால் இழுக்க முடியவில்லை. கிணற்றின் பாதி ஆழத்தில் பாறையை வெட்டி ஒரு மேடை அமைத்து, என்ஜினை அங்கே இறக்கிவிட என் கணவர் முடிவு செய்தார். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. விசை, நிறை, முடுக்கம் மூன்றுக்கும் உள்ள உறவை அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன்.

கணவர் மேடையில் நின்றார். மேலே என் கொழுந்தனாரும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தம்பி இருவரும் என்ஜினைக் கட்டிய வடக்கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிறு கப்பியிலிருந்து வந்து ஒரு கல்தூணைச் சில சுற்றுகள் சுற்றியிருந்ததால் பாரம் தெரியவில்லை. என்ஜின் கொஞ்சம் இறங்கியதும் கயிறு தூணில் இறுகிக்கொண்டது. ஒரு சுற்றை அவிழ்க்கச் சொன்னார் கொழுந்தனார். தம்பிக்காரர் அவிழ்த்தபோது எல்லாச் சுற்றுகளுமே கழன்றுவிட்டன.

முதலில் ஒரு சாண்தான் நழுவியது. பிறகு ஒரு முழம்.

"அண்ணி, வந்து புடிங்க" என்றார் கொழுந்தனார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். நான்கு பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தோம். கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. வேகம் கூடிக்கொண்டே போனது. எங்கள் இழுப்பு என்ஜினின் பாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். வேகம் கூடுவதற்கு அந்தக் கொஞ்சமே போதும். சரிக்குச் சரியாக இழுத்திருந்தாலும், பிடித்த வேகத்திலேயே போயிருக்குமே தவிர நின்றிருக்காது. நிறுத்த வேண்டுமானால் பாரத்துக்கும் மேலே இழுக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கூடுதலாக ஒரு ஆள் பலம் என்னிடம் இல்லை.

கணவர் மேடையிலிருந்து குதித்துவிட்டார். தண்ணீர் குறைவாக இருந்ததால் இடது தோள் பாறையில் மோதியது. என்ஜின் மேடையின் விளிம்பில் இடித்து, அவருக்கு எட்டத்தில் விழுந்தது.

லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி அவரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டு முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் எல்லாரும் கயித்த வுட்டுட்டீங்க?"

"யாரும் வுடலிங்க. புடிச்சிக்கிட்டுதான் இருந்தோம்."

"புடிச்சிருந்தா அவ்ளோ வேகமா எப்படி வரும்?"

தோலுரிந்த என் கைகளைக் காட்டினேன். பார்த்தார். எவ்வளவு பாரம், எவ்வளவு இழுப்பு என்று சொல்லத் தொடங்கினேன். வகுப்பில் தடுமாறாமல் வரும் வார்த்தைகள் அங்கே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"இங்க பாடம் நடத்தாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இடது கை பிறகு தோளுக்கு மேலே எழவில்லை. சட்டை மாட்ட நான்தான் உதவுவேன். பேசிக்கொண்டேதான் மாட்டிக்கொள்வார், என்மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் யாராவது கையைப் பற்றிக் கேட்டால், "மேல இருந்தவங்க வுட்டுட்டாங்க" என்றுதான் சொல்வார். வந்தவர்களுக்குக் காப்பி போட நான் உள்ளே போய்விடுவேன்.