ஒரு சொம்பு பிராந்தி

எங்கப்பன் போர்வெல் போடற ரிக் லாரியில ஊர் ஊராச் சுத்திச் சம்பாரிச்சு, எடப்பாடிப் பக்கம் வாங்குன வெவசாயக் காடு அது. அதுல ஒரு சாண் கூட எனக்கு இல்லைன்னு உயில் எழுதி வெச்சுட்டுச் செத்தாரு. அம்புட்டும் தம்பிக்கு. அப்பன் புத்தி அப்படின்னு அதைக்கூட விட்டிருப்பேன். சாட்சிக் கையெழுத்துல மொதல்ல இருந்தது எம்பட ஊட்டுக்காரர் பேரு! காயிதத்தை அவரு முன்னால நீட்டுனேன்.

"ஏனுங்க, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா புள்ள. மாப்பிள்ளைதான் மொதல்ல போடோணும்னு மாமா சொன்னாரு. மாமனார் நீட்டுன காயிதத்தை உக்காந்து படிச்சுட்டா இருக்க முடியும்? மரியாதையா இருக்குமா?"

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிட்டு வந்து, "உங்கூட்டுல இன்னைக்கு என்னையத்தான் முன்னால வெச்சாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் பெருமையாக் கேட்டுக்கிட்டேன். சொந்தக் காசுல சூனியம்னா இதுதான்.

வழக்குப் போட்டேன். சாட்சி போட்டவரே மாத்திச் சொன்னாத்தான் உயில் ஆடும்னாரு வக்கீல். படிச்ச மனுசன் பாக்காம எப்படிக் கையெழுத்துப் போட்டாருன்னு கேப்பாங்களேன்னும் இழுத்தாரு. குடிச்சிருந்தேன்னு சொல்லட்டும்னு யோசனை குடுத்தது நாந்தான்.

தறியும் ஊடும் விட்டா வேற எதுவும் தெரியாத மனுசன் அவரு. விருந்துல சோடா குடுத்தாக்கூட ஏப்பம் வரும்னு வேண்டாம்பாரு. "புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கோணுமே, குடிகாரன் மகள்னு ஆயிருமே"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. எனக்கு எரக்கமே வரலை. "புத்தி கெட்டவன்னு பேரெடுத்தாச்சு, குடிகாரன்னும் எடுத்தா என்ன கொறைஞ்சு போச்சு? சொல்லலீன்னா அந்தக் காட்டுக் கெணத்துல உழுந்துருவேன்"னேன்.

கோர்ட்டுல தம்பியோட வக்கீல் எந்திரிச்சாரு.

"என்ன குடிச்சீங்க?"

"பிராந்திங்க."

"எவ்வளவு?"

அதை நான் சொல்லிக் குடுக்க மறந்துட்டேன். கூண்டுல நின்னுக்கிட்டு என்னையப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"ஒரு சொம்புங்க."

கோர்ட்டே சிரிச்சுது. எந்தம்பி துண்டை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சான். இன்னொரு சாட்சி தம்பியோட ரிக் டிரைவர். "பெரியவரு நல்ல நெனவோட, எங்க ரெண்டு பேரு முன்னாலயுந்தான் கையெழுத்துப் போட்டாருங்க"ன்னு கணீர்னு சொல்லிட்டுப் போனான். உயில் நின்னுச்சு, காடு போச்சு. ஊருக்குள்ள இவருக்குச் சொம்புன்னு ஒரு பேரு வந்துச்சு.

போன தையில மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் வராம எங்க சனத்துல தாலி ஏறாது. பெரியவங்க பேசித் தம்பியைக் கூட்டிட்டு வந்தாங்க. மேளத்தோட, சீர்த்தட்டோட வந்தான். என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவனாச்சேன்னு எனக்குக் கண்ணு கூடக் கலங்குச்சு. சேலை, தேங்காய், பழம். நடுத்தட்டுல மஞ்சள் பூசிப் பொட்டு வெச்ச பித்தளைச் சொம்பு. மேல மூடியிருந்த துணியை அவனே எடுத்தான். வாய் வரைக்கும் பிராந்தி. குப்புனு அடிச்சுது.

"அளவு சரியா இருக்குதான்னு பாருங்க மச்சான்."

சம்மந்தி ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்த எடத்துலயே செத்துரலாம்னு இருந்துச்சு எனக்கு. சீர்த்தட்டைத் திருப்பினா அவன் எறங்கிப் போயிருவான், கல்யாணம் நின்னு போகும். எம்பட ஊட்டுக்காரர் அன்னைக்குக் கூண்டுல நின்னு பாத்த மாதிரியே என்னையப் பாத்தாரு.

"இதையும் வாங்கிக்கோணுமா புள்ள?"

"வாங்கிக்கங்க"ன்னேன்.

ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டாரு.