ஏரிச் சரிவில் ஒரு மக்ரூன் கடை

தூத்துக்குடி மருந்துக்கடையில் யாராவது யூகலிப்டஸ் தைலப் புட்டியைத் திறந்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொடைக்கானலில் ஏரிக்கு இறங்கும் சரிவில், வாடகை இடத்தில் தகரக் கூரை போட்ட எங்கள் மக்ரூன் கடை அந்த வாசனைக்குள்தான் நின்றது. சீசன்தோறும் அப்பாவும் அம்மாவும் மக்ரூன் டின்களோடு என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார்கள். மூடுபனி பட்டால் மக்ரூன் நமுத்துவிடும் என்று அம்மா டின்களைக் கரியடுப்பின் பக்கத்திலேயே அடுக்கியிருப்பாள், கூரைமேல் யூகலிப்டஸ் காய்கள் உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அந்தச் சூட்டில் தூங்கிப்போவேன்.

எனக்குப் பத்து வயதான சீசனில் போய் இறங்கினால், கடையே இல்லை. சரிவை வெட்டி மட்டமாக்கி, ‘விடுமுறைக் குடியிருப்புகள் விற்பனைக்கு’ என்று பலகை நட்டு, பக்கத்திலேயே நின்றிருந்தார் இடத்தின் சொந்தக்காரர்.

“மெட்ராஸ்காரங்க கேட்ட விலையைக் கொடுக்குறாங்க. நான் என்னம்மா செய்யறது?”

“ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லா?” என்றாள் அம்மா.

“மறந்துட்டேன்” என்று சிரித்தார்.

அப்பாவோ, வருடா வருடம் கொடுப்பதுபோல, அவருக்கென்று கட்டிவந்த மக்ரூன் பொட்டலத்தைப் பணிவாக நீட்டினார். “எங்கனயாவது ஒரு மூலை இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி.”

அவர் கை நீட்டுவதற்குள் அம்மா அதைப் பிடுங்கி என் கையில் திணித்தாள்.

“ஏளா, நீ தின்னு.”

வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே, ஒன்றுவிடாமல் தின்றேன்.