பறியைக் கவ்விக்கொண்டு பாடுவது எப்படி?

சினிமாப் பாட்டுக்குக் கை தட்டுவதும், சொந்தப் பாட்டு ஆரம்பித்ததும் டீ குடிக்க எழுந்து போவதும் கச்சேரி கேட்கிறவர்களின் பிறப்புரிமை. மெல்லிசைக் குழு வைத்திருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நகர்ந்துபோகும் முதுகுகளைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது சரணம் பாடிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். எழுபதுகளின் நடுவில் ஆரம்பித்துப் பத்து வருஷத்துக்கு மேல் பழவேற்காடு ஏரியைச் சுற்றி நான் பார்த்த முதுகுகள் கொஞ்சநஞ்சமல்ல.

பாதிப் பாட்டுகள்

எனக்குப் பிழைப்பு ரேடியோ ரிப்பேர். பழவேற்காடு கடைத்தெருவில் சின்னக் கடை. என் சங்கீதப் படிப்பெல்லாம் அங்கேதான். முள்ளை இந்தப் பக்கம் திருப்பினால் இலங்கையிலிருந்து தமிழ்ப் பாட்டு வரும், அந்தப் பக்கம் திருப்பினால் தெலுங்குப் பாட்டு. நடுவில் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு ஷெனாய். ஆனால் எதையும் முழுசாகக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. செத்துக் கிடந்த பெட்டிக்கு உயிர் வந்து, பல்லவி முடிந்து, முதல் சரணம் எழும்பும்போது பெட்டிக்குச் சொந்தக்காரர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். பாட்டு தெருவோடு போய்விடும்.

மிச்சப் பாட்டு எப்படிப் போயிருக்கும்? இந்த ஆர்வம்தான் என்னைக் கெடுத்தது. கையில் சால்டரிங் கம்பியை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நானே வரி போட்டுப் பாடி முடிப்பேன். கொஞ்ச நாளில் பல்லவியும் என்னுடையதாகிவிட்டது. ஒருநாள் கருவாட்டு வியாபாரம் செய்கிற ஒரு அம்மா தன் டிரான்சிஸ்டரை வாங்க வந்து, அதிசயமாகக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். ரேடியோ ஒரு சரணம் பாட, அதன் மேலேயே நான் வேறொரு சரணம் பாடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்: “ரேடியோவ ரிப்பேர் பண்ணுப்பான்னா, நீ இன்னா பாட்ட ரிப்பேர் பண்ணிகினு கீற?”

தாளம் ஏரிக்குப் போயிருக்கிறது

குழுவில் நாங்கள் நாலு பேர். நான் ஆர்மோனியமும் பாட்டும். மசூதித் தெரு சலீம் புல்புல்தாரா. அவருடைய அத்தாவின் கருவாட்டு குடோன்தான் எங்கள் ஒத்திகை மண்டபம். பெண் குரல் மேரி, மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து வந்தவள். டிரம் எத்திராஜ், ஏரியில் இறாலுக்கு வலை போடுகிறவன்.

ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இந்த இடம், இன்றைக்கு இந்த ஊருக்கு, இவர்களுக்கு என்று முறை வைத்திருப்பார்கள். தன் முறையை விட்டால் அடுத்தது சுற்றி வருகிறவரைக்கும் கரையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே கச்சேரிக்கு முன்பணம் வாங்கியிருந்தாலும் முறை வந்துவிட்டால் எத்திராஜ் வரமாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அவன் வீட்டில் அடுப்பு எரிவது டிரம்மினால் அல்ல.

காட்டூரில் ஒரு பெரிய விவசாயி வீட்டுக் கல்யாணம். அன்றைக்குப் பார்த்து எத்திராஜின் முறை. சலீம் ஒரு தகர டப்பாவைத் தட்ட, ஒப்பேற்றினோம். பெண்ணின் அப்பா சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்து விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், தாடையைச் சொறிந்தபடி சொன்னார்: “இதுக்கு ஐயர்கிட்ட கேட்டு நாள் குறிச்சோம் பாரு, எங்க தப்பு. சின்னவளுக்கு உங்க எறாக்கிட்டயே கேட்டு வெக்கிறோம்.”

யார் வீட்டு மெட்டு?

ஒருமுறை பசியாவரத்துக்குப் படகில் போகும்போது எத்திராஜ் கழி ஊன்றிக்கொண்டிருந்தான். ஊன்றுவான், படகு வழுக்கும், கழியை உருவுவான், மறுபடி ஊன்றுவான். அந்த இடைவெளியில் எனக்கு ஒரு மெட்டு வந்து உட்கார்ந்தது. சந்தோஷம் தாங்காமல் முனகிக் காட்டினேன். சலீம் உடனே, “இது எங்க வூட்ல மருதாணி வெக்கும்போது பாடுறதாச்சே” என்றார். மேரி, “ஐயே, இது கோயில்ல அறுப்புப் பண்டிகைக்குப் பாடுறது” என்றாள். எத்திராஜ் கழியை நிறுத்திவிட்டு, “எங்க நைனா வலை இழுக்கச்சொல்ல இதான் வரும்” என்றான். ஒரு மெட்டுக்கு மூன்று சொந்தக்காரர்கள். நான்காவதாக நான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. திருடிவிட்டேனா, அல்லது காதில் விழுந்ததெல்லாம் எங்கேயோ போய் ஒன்றாகிவிட்டதா? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சலீமின் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து பாடினார். மேரி கோயில் வாசலில் நின்று பாடிக் காட்டினாள். இரண்டும் வேறு பாட்டு. ஆனால் இரண்டிலும் ஒரு சின்ன வளைவு என் மெட்டில் இருப்பதுபோலவே இருந்தது. எத்திராஜின் நைனாவோ கரையில் நின்று பாடவே மாட்டேன் என்றுவிட்டார். வலை கையில் இருந்தால்தான் வருமாம். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையின் ஒரு முனையை நான் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. ஆனால் அவர் தொண்டையிலிருந்து அந்த வளைவு வந்தது, சத்தியமாக வந்தது. “இதான் பெரியவரே, இந்தப் பாட்டுதான்!” என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பாட்டா? மூச்சு வாங்குறேன்பா. நீ ஒழுங்கா இழு.”

ஒரே ஒரு ஆள் போதும்

அந்த மெட்டுக்கு வார்த்தை எழுதினேன். ஏரிச் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களைப் பற்றி.

*இடுப்பளவு தண்ணியிலே எறா தடவும் பொண்ணு – அவ*
*எடுத்தெடுத்துப் பாடயிலே ஏரி கேக்கும் நின்னு*

இதற்குள் குழுவில் என் சொந்தப் பாட்டுகளால் புகைச்சல் வந்துவிட்டது. ஜனங்கள் சீட்டு எழுதிக் கொடுப்பது எல்லாம் சினிமாப் பாட்டு. நடுவில் என் பாட்டு வந்தால் கூட்டம் கலைகிறது, கலைந்த கூட்டத்தை மறுபடி உட்கார வைக்க எத்திராஜ் தோள் வலிக்க அடிக்க வேண்டியிருக்கிறது. பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தத் திருவிழா சீசன் முடியும்வரை, அதாவது ஆடிவரை, கச்சேரிக்கு ஒரு பாட்டு நான் பாடலாம். அதற்குள் யாராவது வாய் திறந்து என் பாட்டு வேண்டுமென்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதோடு சொந்தப் பாட்டுக்கு முழுக்கு. சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, மனசு ஒப்பவில்லை. சினிமாப் பாட்டு பாட ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். சொந்தப் பாட்டு போய்விட்டால் நான் வெறும் ரேடியோ ரிப்பேர்க்காரன்தானே? எத்திராஜ் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னான்: “ஒரே ஒர்த்தரு கேட்டா போதும் வாத்தியாரே. ஆனா உன் பொண்டாட்டிய அனுப்பிக் கேக்க வெச்சா செல்லாது.”

முதல் கேள்வி

புதுப் பாட்டை முதலில் ஏரிக்கரையில் ஒரு அம்மன் திருவிழாவில் பாடினேன். முன்வரிசை மணலில் நிஜமாகவே இறால் தடவும் பெண்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் கேட்காமல் யார் கேட்பார்கள்? குரலை உயர்த்தி அவர்களைப் பார்த்தே பாடினேன். யாரும் எழுந்து போகவில்லை. முதல் சரணம் முடிந்தது. உட்கார்ந்துதான் இருந்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம் பார்த்தால் ஒருத்தி தோளை ஒருத்தி தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். சோகப் பாட்டு ஐயா அது! கடைசி வரி முடிந்ததும் அவர்களில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் பவுனு என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற நிஜமான அக்கறையோடு மேடையைப் பார்த்துக் கேட்டாள்: “ரெண்டு கையும் சேத்துல, பறிய பல்லால கவ்விகினு கீறோம். இதுல எந்த வாயில நைனா பாடுறது?”

குடோனில் ஒரு ஆராய்ச்சி

பிடிக்கிற இறாலைப் போட்டுக்கொள்ளப் பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் சேற்றைத் துழாவுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். கண் பார்த்தது, பேனா மறந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆர்வம் பெரிதாக இருந்தது. வாயில் பறி இருக்கும்போது மனிதக் குரலுக்கு என்னதான் மிச்சம்?

சந்தையில் ஒரு பறி வாங்கி, அதில் ஈர மணலைப் போட்டு, குடோனில் பல்லால் கவ்விக்கொண்டு பாடிப் பார்த்தேன். ‘ப’ வராது, ‘ம’ வராது. உதடு சேர்ந்தால்தானே? ‘இடுப்பளவு’ என்பது ‘இங்ஙுங்ங’ என்று வந்தது. தொண்டையும் மூக்கும் மட்டும்தான் திறந்திருந்தன. ஆனால் அந்த வளைவு இருக்கிறதே, மூன்று வீட்டு வளைவு, அது அப்படியே வந்தது. வார்த்தை இருந்தபோது வந்ததைவிட நன்றாகவே வந்தது. மேரியிடம் கொடுத்தேன். அவள் முந்தானையால் துடைத்துவிட்டுக் கவ்விக்கொண்டு அந்த வளைவை ஒருமுறை இழுத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே மாற்றி அமைத்தோம். பாட்டின் தொடக்கத்திலும் சரணங்களுக்கு நடுவிலும் மேரியின் முனகல், மற்ற இடத்தில் என் வரிகள். ‘பாடயிலே’ என்பதையும் எடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு சலீமின் அத்தா கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு வந்தார். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் நான் கண்ணை மூடி, மறுபடி வாயில் கூடையோடு ஆடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “பேஜாரா கீதுடா. உப்பு தலைக்கு ஏறிட்ச்சி போல, வூட்டுக்கு இட்டுகினு போயி வுடு.”

ஆடி முடிந்தது

தையிலிருந்து ஆடிவரை போன இடத்திலெல்லாம் பாடினேன். கேட்டார்கள், சிரிக்கவில்லை, சில இடங்களில் கையும் தட்டினார்கள். ஆனால் சீட்டு வரவில்லை. கடைசிக் கச்சேரி பசியாவரத்தில். சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கும்போது மேரி என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் சினிமாப் பாட்டு. அத்தனையையும், நடுவில் என் ஒரு பாட்டையும் பாடி முடித்தோம். எத்திராஜ் என் தோளில் கை வைத்தான்.

காலையில் படகில் திரும்பினோம். நான் ஆர்மோனியப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தபடி வந்தேன். இனி வாரா வாரம் பிறத்தியார் பாட்டு. ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தபோது எத்திராஜ் கழியை ஊன்றியவன் உருவாமல் அப்படியே நின்றுவிட்டான். “கேளு” என்றான்.

தூரத்தில் பெண்கள் வரிசையாகச் சேற்றில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலைகள் மட்டும் தெரிந்தன, பல்லில் பறிகள். அங்கிருந்து அது வந்துகொண்டிருந்தது. மேரியின் முனகல், என் மெட்டு, மூன்று வீட்டு வளைவு. ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சலீம் புல்புல்தாராவின் உறையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

படகைப் பார்த்ததும் பவுனு நிமிர்ந்து, பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். “அடுத்த தபா வந்தா இந்தப் பாட்டப் பாடு நைனா” என்றாள்.

எத்திராஜ் கழியைத் தூக்கிக் கத்தினான்: “கேட்டாச்சு! செல்லும், செல்லும்!” மேரி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் படகில் எழுந்து நின்று, அது ஆடியதில் விழப் பார்த்து, சமாளித்துக்கொண்டு கும்பிட்டேன். பவுனு இன்னும் முடிக்கவில்லை. பறியை மறுபடி வாய்க்குக் கொண்டுபோகும் முன் சொன்னாள்: “ஆனா நடுவுல நடுவுல நீ இன்னாமோ பேசிகினே கீற பாரு, அது மட்டும் வாணாம்.”

பத்து வருஷத்துக்கு மேல் வார்த்தை தேடி அலைந்த பாட்டுக்காரனுக்கு ஏரி கொடுத்த ஒரே பாராட்டு, வாயை மூடிக்கொண்டால் பாட்டு நன்றாக இருக்கிறது என்பதுதான்.