ஆரோக்கியத்தின் படகுக்கு ஓர் அன்டனா

அண்மையில் ஒரு சனிக்கிழமை ஆரோக்கியம் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்ட கேள்விக்குக் கோபப்படுகிறவர்கள் உண்டு. கேட்காத கேள்விக்குக் கோபப்படுகிறவர் உண்டா? உண்டு. இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான்.

டிக்கோயாவில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடை. வெளியே தூறல். ஆரோக்கியம் உப்பிய பணிஸ் பன்னைப் பிய்த்துத் தேநீரில் தோய்த்தபடி, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

“படகுக்கு ரேடியோ வந்துருச்சு சார். அன்டனாதான் பாக்கி. எது நல்லதுன்னு சிவபாதம் ஐயாகிட்ட கேட்டுட்டேன்.”

சிவபாதம் ஐயாவிடம். கேட்டுவிட்டார்.

“ஏன் சார், மொகம் ஒரு மாதிரி இருக்கு?”

“சீனி போதாது” என்றேன். மூன்று கரண்டி போட்டிருந்தேன்.

ஆரோக்கியத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். வளைகுடா நாடொன்றில் பைபர் படகு செய்யும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தார். ஊர் திரும்பியதும் மற்றவர்கள் வேன் வாங்குவார்கள், கடை போடுவார்கள். இவர் ஒரு சின்னப் பாய்மரப் படகைச் செய்து, வேண்டிய அனுமதிகளை எடுத்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறக்கினார். தேயிலை மலைகளுக்கு நடுவே வெள்ளைப் பாய்! கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள்.

நான் கரையில் நின்று பார்த்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. குளிர் ஆகாது. முழங்கால் வேறு. ஆனாலும், “அந்தப் படகுக்காரரின் சிநேகிதர்” என்று பஸ்ஸில் யாரோ என்னைக் காட்டிச் சொன்னபோது இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

படகுக்கு ரேடியோ எதற்கு? ஆரோக்கியத்தின் மனைவி ரோசம்மாவைக் கேளுங்கள். ஒருநாள் மாலை, நீர்த்தேக்கத்துக்குள் மலை மூக்குப் போல நீட்டி நிற்கும் வளைவுக்கு அப்பால் போன படகை மூடுபனி மூடிவிட்டது. காற்றும் நின்றுவிட்டது. அந்த மூலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ரோசம்மா கரையில் நின்று கணவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். பனி விலகி ஆரோக்கியம் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தபோது ரோசம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டிய தொண்டையோடு சட்டம் போட்டார்.

“நான் கூப்பிட்டா பதில் வரணும். வராதுன்னா படகை ஒடச்சு அடுப்புக்கு வெச்சிருவேன்.”

“பைபர் எரியாதும்மா” என்றார் ஆரோக்கியம்.

“நீங்க எரிவீங்கல்ல?”

ஆக, படகில் ஒரு ரேடியோ. கரையில் ஒரு கை செட். கை செட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க நம்பகமான ஓர் ஆள்.

அந்த ஆள் நான்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். வேறு யார்? இருபத்தேழு வருடம் கணிதம் கற்பித்த குரல். வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்தவனுக்கும் கேட்கும். அன்டனா விஷயத்திலும் நான் புதியவன் அல்லன். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்த காலத்தில், மீன்முள் அன்டனாவை எந்த மலைப் பக்கம் திருப்புவது என்று சொன்னது யார்? ஆரோக்கியம் கூரையில் நிற்பார். நான் கீழே தொலைக்காட்சிக்கு முன்னால்.

“வருதா சார்?”

“இல்ல, இன்னும் கொஞ்சம்... ஆ, வந்துருச்சு... ஐயோ, போச்சு! கைய எடுக்காத!”

இப்படி ஒன்பது கூரை ஏற்றியிருக்கிறேன் அவரை. ஒன்பதும் படம் காட்டின. அந்த ஆரோக்கியம்தான் இப்போது சிவபாதம் ஐயாவிடம் கேட்கிறார்!

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை என்பதால் ஹட்டனுக்கு வந்திருக்கிறார். வடக்கில் மீன்பிடிப் படகுகளுக்கு ரேடியோ பூட்டி, பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். முழுத் தலைமுடி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. இத்தனையும் ஒரு மனிதருக்குத் தேவையா?

அந்தத் தேநீர் முடிவதற்குள் ஆரோக்கியம் “சிவபாதம் ஐயா” என்று பதினொரு தடவை சொன்னார். “சார்” என்று நான்கு. அதில் ஒன்று கடைக்காரரை அழைத்தது.

காதலில் பொறாமை வந்தால் கதையாக்குகிறார்கள், பாட்டாக்குகிறார்கள். நட்பில் வந்தால்? அதுவும் எழுபதைத் தாண்டிய பிறகு? பிரஷருக்கு மருந்து தரும் டாக்டரிடம்கூடச் சொல்ல முடியாது.

மறுநாள் ஆரோக்கியம் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்ததும் மூவரும் அதே கடையில் உட்கார்ந்தோம். சிவபாதம் படம் போட்ட தாள் ஒன்றை விரித்தார்.

“அன்ரெனா ரெண்டு விதம் பாத்து வச்சிருக்கிறன்” என்றார்.

அன்ரெனாவாம். எங்கள் பக்கம் அது அன்டனா. என் காதுக்கு ரம்பம் போட்டது போல இருந்தது.

நான் முந்திக்கொண்டேன். “மீன்முள் அன்டனாதான் சரி. கரையை நோக்கித் திருப்பி இறுக்கிவிட்டால் முடிந்தது.”

சிவபாதம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“வீடு திரும்பாது மாஸ்டர். வள்ளம் திரும்பும்.”

ஆரோக்கியம் மேசையில் தட்டிச் சிரித்தார். “சார் என்னையப் பாய்மரத்துல ஏத்தி உக்கார வெச்சிருவாரு ஐயா! படகு திரும்பத் திரும்ப நான் அன்டனாவத் திருப்பணும்!”

கடைக்காரரும் சிரித்தார். அவருக்கு என்ன புரிந்தது?

விட்டுவிடுவேனா? “அப்படியென்றால் நெட்டையான அன்டனா. நீளம் கூடினால் தூரம் கூடும். கணக்கு” என்றேன்.

“அது சரிதான். ஆனா பாருங்கோ...” சிவபாதம் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். “நெட்டை அன்ரெனா சத்தத்தை இப்பிடித் தட்டையா வீசும். தூரம் போகும். ஆனா காத்துக்குப் பாய்வள்ளம் சரியேக்க இதுவும் சரியும். ஒரு பக்கம் தண்ணிக்குள்ள, மற்றப் பக்கம் வானத்தில.” ரொட்டியைச் சாய்த்துக் காட்டினார். பிறகு பணிஸை எடுத்தார். “கட்டை அன்ரெனா இது மாதிரி. தூரம் குறைவு, ஆனா உப்பலா வீசும். வள்ளம் எப்பிடிச் சரிஞ்சாலும் ஒரு துண்டெண்டாலும் கரைக்கு வரும்.”

“அப்ப நான் இவ்வளவு நாளும் தின்னது அன்டனாவா?” என்றார் ஆரோக்கியம். இருவரும் சிரித்தார்கள். நான் ரொட்டியைத் தின்றேன்.

அடுத்த சண்டை, எங்கே பூட்டுவது? சிவபாதம் பாய்மர உச்சி என்றார். நான் படகின் பின்பக்கக் கம்பி என்றேன். உச்சியில் பழுது வந்தால் யார் ஏறுவது? கைக்கு எட்டும் இடம் நல்லதல்லவா? நியாயமான கேள்விதான். ஆனால் உண்மையைச் சொன்னால், சிவபாதம் பின்பக்கம் என்று சொல்லியிருந்தால் நான் உச்சி என்றிருப்பேன்.

ரோசம்மாவிடம் வழக்கு போனது. “எங்க பூட்டினா அந்த மலை மூக்கத் தாண்டிக் கேக்கும்?” என்று ஒரே கேள்வி கேட்டார்.

“உயரத்தில பூட்டினாத்தான் தங்கச்சி” என்றார் சிவபாதம்.

“அப்ப உயரத்துலயே பூட்டுங்க.”

தங்கச்சியாம். வந்து ஆறு மாதம் ஆகவில்லை.

பாய்மரத்தைக் கழற்றிக் கரையில் இரண்டு மரத் தாங்கிகளின் மேல் கிடத்தினார்கள். சிவபாதம் உச்சியில் தகடு வைத்து, கட்டை அன்டனா நிமிர்ந்து நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஆரோக்கியம் கேபிளைப் பாய்மரக் குழாய்க்குள்ளே விட்டார். இணைப்பை ரப்பர் நாடாவால் சுற்றினார்கள். மழைத்தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வழியாமல் இருக்க, அடியில் ஒரு வளையம் தொங்கவிட்டார்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் கேட்காமலே சாமானை வைத்தார். எனக்கும் வேலை கொடுத்தார்கள்.

“சார், அந்த நுனியப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா போதும்.”

பிடித்துக்கொண்டேன். கேபிளின் நுனியை. முழுக் காலையும்.

சோதனை நாள் வந்தது. ஆரோக்கியம் தனியாகப் படகில் போனார். கரையில் ரோசம்மா, சிவபாதம், நான். கை செட் யார் கையில்? சொல்லவா வேண்டும்?

படகு மலை மூக்கைச் சுற்றி மறைந்தது. செட் கரகரத்தது. ஆரோக்கியத்தின் குரல், பக்கத்தில் நின்று பேசுவது போல.

“ஐயா, கேக்குதுங்களா?”

சிவபாதம் பட்டனை அமுக்கி, “ஓம்” என்றார்.

செட் மறுபடி கரகரத்தது. “கேக்குதுங்களா ஐயா?”

“ஓம்.” பட்டனை விட்டு, மறுபடி அமுக்கி, “ஓம்.”

“ஒண்ணும் வரலியே... ம்ம்னு எரச்சல் மட்டுந்தான் வருது.”

ரோசம்மாவின் முகம் மாறியது. “பாத்தீங்களா? அவரு பேசினா நமக்குக் கேக்குது, நாம பேசினா அவருக்குக் கேக்கல. இத எறக்கிருங்க. சார் சொன்ன மாதிரிப் பின்னாலயே பூட்டுங்க.”

சார் சொன்ன மாதிரி! எத்தனை நாளைக்குப் பிறகு! சிவபாதத்தின் நெற்றியில் வியர்வை. “உள்ளுக்க இணைப்பு விட்டிட்டுதோ தெரியேல்லை” என்று முணுமுணுத்தார். அந்தக் குளிரில் எனக்கு உள்ளுக்குள் வெயில் அடித்தது.

சிவபாதம் மறுபடி அமுக்கினார். “ஆரோக்கியம், அங்கால காத்து எப்பிடி?”

“காத்து நல்லா இருக்கு ஐயா. பாயி நெறஞ்சு நிக்குது.”

பிடித்துக்கொண்டேன். காற்றைப் பற்றி இவர் கேட்டது அங்கே காதில் விழுந்திருக்கிறது! அப்படியென்றால் அன்டனா நன்றாகத்தான் வேலை செய்கிறது. கேட்காதது ஒன்றே ஒன்று. ஓம்.

பட்டனை அமுக்கிய கையோடு பேசினால் முதல் எழுத்து வெட்டுப்படும். நாங்கள் “ஆமா” என்போம். ‘ஆ’ போனாலும் ‘மா’ மிஞ்சும். ஓமில் ‘ஓ’ போனால்? வெறும் ‘ம்’. வடக்குக் கடலில் அந்த ‘ம்’மே பதில். எங்கள் தோட்டத்து ஆரோக்கியத்துக்கு அது இரைச்சல்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை; இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்றே நினைத்தார்கள். பேசாமல் இருந்தால் அன்டனா உச்சியிலிருந்து இறங்கும். என் இடத்துக்கு வரும். பேசாமல் இருப்பது என்ன பெரிய வேலை? நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்போது ஆரோக்கியத்தின் குரல் மறுபடி வந்தது.

“ஐயா, சார் பக்கத்துல இருக்காங்களா?”

“ஓம்” என்றார் சிவபாதம்.

பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “சார் வரலியா? கோவமா இருக்காங்களா ஐயா?”

“ஓம், ஓம், நிக்கிறார்...” என்று சிவபாதம் தொடங்குவதற்குள் செட்டை அவர் கையிலிருந்து பறித்துவிட்டேன். படிப்பித்த காலத்தில் ஒரு மாணவனிடமிருந்தும் எதையும் அப்படிப் பறித்ததில்லை.

“ஆமா! ஆமாய்யா, இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!”

“ஆ... சாரா! இப்பத்தான் சார் சுத்தமாக் கேக்குது!”

ரோசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் சிவபாதத்திடம் ஓமின் கதையை விளக்கினேன். கொஞ்சம் நீட்டித்தான் விளக்கினேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்கட ஆக்கள் ஓமெண்டு சொல்லி ஒரு வள்ளமும் திரும்பி வராமல் விட்டதில்லை மாஸ்டர். சரி, இனிக் கரை உங்கட பொறுப்பு. நீங்களே கதையுங்கோ.”

“ஆமா, சார்தான் இனிமே கரையில நிக்கணும்” என்றார் ரோசம்மா. “சார் குரல்தான் அவருக்கு வெளங்குது.”

வென்றுவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று மறுபடி படகு இறங்கியது. கை செட் என் கழுத்தில் தொங்கியது. கம்பளித் தொப்பி, கம்பளிச் சட்டை, இரண்டு சோடிக் காலுறை. தயார். ஆரோக்கியம் படகை அவிழ்த்தார். திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, கரையிலதான் சார் நிக்கிறாங்களே. நீங்க ஏன் சும்மா நிக்கிறீங்க? வாங்க படகுல. முன் பாயப் பிடிக்க ஒரு ஆளு வேணும்.”

“ஓம்” என்றார் சிவபாதம். அது மட்டும் ஆரோக்கியத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

இருவரும் போனார்கள். மலை மூக்கைச் சுற்றிப் பாய் மறைந்தது. கரையில் நான், செட், குளிர். சற்று நேரத்தில் யாருடைய முழங்கையோ பட்டனில் பட்டிருக்க வேண்டும். செட்டில் சிரிப்பு வந்தது.

பட்டன் விடுபட்டதும் நான் அமுக்கினேன். “என்னய்யா விஷயம்?”

“ஒண்ணுமில்ல சார். சும்மா.”

பணிஸ் அன்டனா, பாய்மர உச்சி... தெரிவு மிகச் சரி. இரண்டு பேர் சிரிப்பது தனித்தனியாகக் கேட்கிறது.