ஜன்னல மூடிக்கோங்க

அழைப்பு மணியை ஒருமுறை அழுத்திவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார் மருந்துக்காரர். கதவு திறந்ததும், "நாளைக்கு மரத்துக்கு மருந்து அடிக்கிறோம். ஜன்னல மூடிக்கோங்க, துணி காயப் போட்டிருந்தா எடுத்துடுங்க" என்பார். அதோடு வந்த வேலை முடிந்தது. ஆனால் நகர மாட்டார். "பாப்பா நல்லா வளந்துட்டாளே!", "அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்று பேச்சை இழுப்பார். உள்ளே குக்கர் கூப்பிட்டால்தான் அந்த வீட்டுக்காரர்களுக்கு விடுதலை.

குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி அழகுக்கு நட்ட ஆலிவ் மரங்கள். பழம் உதிர்ந்தால் காரெல்லாம் கறை, நடைபாதையெல்லாம் வழுக்கல். ஒருவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, காயே பிடிக்காமல் செய்ய இவரை வரவழைக்கிறார்கள். பூ முக்கால்வாசி விரிந்திருக்கும்போது அடிக்க வேண்டும். முந்தினால் மொட்டுகள் தப்பிவிடும். பிந்தினால் பிஞ்சு பிடித்துவிடும், பிறகு அடித்தும் பயனில்லை. அதனால் பூக்காலம் முழுக்க வந்து வந்து கிளையை வளைத்துப் பார்ப்பார். "இன்னும் விரியல சார், நாளைக்கு வரேன்" என்பதை ஏதோ நல்ல சேதிபோலச் சொல்வார்.

"பூவப் பாக்க வரீங்களா, ஆளப் பாக்க வரீங்களா?" என்று சங்கச் செயலாளர் சீண்டுவார்.

"ரெண்டுந்தான்!"

அது விளையாட்டுப் பேச்சில்லை. மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் கேட்கும் மனிதக் குரல் தொலைக்காட்சியுடையதுதான். அதற்குப் பதில் சொல்லியும் பார்த்தார், சரிப்படவில்லை.

இந்த வருடம் செயலாளர் தோளில் தட்டி, "இனிமே நீங்க படியேறி அலைய வேணாம். எல்லாருக்கும் போன்ல மெசேஜ் போட்டாச்சு" என்றார். பாவம், நல்லதுதான் நினைத்தார். மருந்துக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியா... சௌகரியமாப் போச்சு" என்றார்.

மறுநாள் காலை காற்றே இல்லை, மருந்தடிக்கத் தோதான நாள். முகமூடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். எல்லா ஜன்னல்களும் அடைத்துக் கிடந்தன. கொடிகளில் ஒரு துணி இல்லை. இத்தனை ஒழுங்காக எந்த வருடமும் நடந்ததில்லை. முன்பக்க மரங்களை நனைத்து முடித்து, குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

அங்கே மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பியில் ஒரு துண்டு தொங்கியது.

கீழேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். அவர் பம்பை நிறுத்தினார். கையுறையையும் முகமூடியையும் கழற்றி வைத்தார். தோட்டத்துக் குழாயில் சோப்புப் போட்டு முகம் கழுவி, ஈர விரல்களால் தலையை வாரிக்கொண்டு, மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்.